சொந்த அறிவு, சொந்தக் கரண்ட்

அத்தியாயம் 11

உலகத்தார் அனைவரும், குறிப்பாகப் பெரிய பெரிய தரவு மையங்களைக் கட்டி வைத்துக்கொண்டு மமதையில் திரிகிறவர்கள், காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்புறம், வெள்ளத்துரை ஐஸ் கம்பெனியின் மாடியில், தனக்கு வேண்டிய அறிவைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் இல்லம் ஒன்று இன்று மாலை ஐந்து மணிக்கு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்படுகிறது. அந்நிய அறிவை அண்டிப் பிழைத்த காலம் இத்துடன் ஒழிகிறது. அனைவரும் வருக. காபி, வடை உண்டு.

வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. கடைசி வரி மட்டும் சந்தனச்செல்வி சொல்லிச் சேர்த்தது. அது இல்லாவிட்டால் நாட்டின் சார்பில் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது அவள் கணிப்பு.

பேனர் கம்பெனியின் பெயர்ப்பலகையை முழுசாக மறைத்துவிட்டது. காலையிலிருந்து இரண்டு ஐஸ் வண்டிக்காரர்கள் வழி தெரியாமல் தெருவைச் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

செல்வி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினைந்து வருடம். மாமனார் வெள்ளத்துரைக்கு முட்டிவலி வந்த பிறகு ஐஸ் கம்பெனியை நடத்துவது அவள்தான். அவள் கணவன் மாரிராஜ் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன். மாணவர்கள் சேராமல் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். மாதக்கணக்கில் சுவரையே பார்த்தான். சுவருக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் எழுந்தான், சவரம் செய்தான், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக என்னவோ வந்து இறங்கியது. மாடி அறையில் ஓர் எந்திரத்தைப் பூட்டி, அதற்கு அறிவுச்சுடர் என்று பெயரும் வைத்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும், வெளியே ஒரு வார்த்தை போகாது, எல்லாம் வீட்டுக்குள்ளேயே. புருஷன் எழுந்து நடமாடுகிறானே என்ற சந்தோஷத்தில், அது என்ன தின்னும் என்று செல்வி கேட்கவில்லை. வெள்ளத்துரை கேட்டார். "கணக்குப் போடுத கம்ப்யூட்டரு மாமா. ஒரு டியூப்லைட்டு கரண்டுதான்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

போன வாரம் வெள்ளத்துரை, செல்வியின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைக் கம்பால் காட்டியபடி தீர்ப்புச் சொன்னார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும் முதல் நாளுக்கு ஒரு குறைச்சொல் இல்லாமல் ஐஸ் போனால், கம்பெனிச் சாவி நிரந்தரமாகச் செல்விக்கு. இல்லாவிட்டால் தருவைக்குளம் முப்பிடாதிக்குக் குத்தகை. அவன் தன் ஆட்களோடு வருவான். செல்வி மாடியேறி அடுப்படிக்குப் போகலாம்.

அந்த முதல் நாள், நாளைக்கு.

*

மற்ற வீடுகளில் சத்தம் கேட்டால் தூக்கம் கலையும். ஐஸ் கம்பெனிக்கு மேல் குடியிருக்கிறவர்களுக்குச் சத்தம் நின்றால் கலையும். அன்று காலை இட்லித்தட்டைத் தூக்கிய கையோடு செல்வி அப்படியே நின்றாள். காலுக்குக் கீழே எப்போதும் இருக்கிற அந்த நடுக்கம் இல்லை. கம்ப்ரசர் நின்றிருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் ஆபரேட்டர் சுடலைக்கண்ணு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

"யக்கா, நான் ஒண்ணும் தொடல. அதுவா நின்னுட்டு."

"ராத்திரியில இருந்து எத்தன தடவ?"

"எண்ணல யக்கா. எண்ணுனா மனசுக்குக் கஷ்டமா இருக்கும்லா."

உப்புத்தண்ணித் தொட்டிக்குள் வரிசையாகத் தொங்கும் தகர கேன்களில் ஒன்றைச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். வெளித்தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்ததும், வெள்ளை வெளேரென்று ஓர் ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. செல்வி கொக்கியால் நடுவில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். ஓட்டை விழுந்து, தண்ணீர் குபுகுபுவென்று வெளியே வந்தது. ஐஸ் வெளியிலிருந்து உள்ளே உறையும். அடிக்கடி கம்ப்ரசர் நின்றால் நடுவயிறு தண்ணீராகவே கிடக்கும்.

"இளநீ வெட்டுன மாரி இருக்கு யக்கா. ஒரு குழாயப் போட்டு ஜேசுபாதம் அண்ணாச்சி கையில குடுத்துருவமா?"

ஜேசுபாதத்துக்கு இரண்டு விசைப்படகுகள். கம்பெனிக்கு மூத்த வாடிக்கைக்காரர். இந்த இளநீர் ஐஸை அரைத்துப் படகில் கொட்டினால் மதியத்துக்குள் கரைந்து ஓடிவிடும். பிடித்த மீன் கரைக்கு வரும்போது வாசனை அதற்கு முன்னால் வரும்.

"இன்னைக்குப் பொழுதடையுற வரைக்கும் நிக்காம ஓடுனா?"

"கெட்டியாயிரும். நிக்காம ஓடணும்லா." சுடலைக்கண்ணு சுவரில் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டினான். மூன்று கம்பிகளில் ஏதாவது ஒன்றில் கரண்ட் தணிந்தால், மோட்டார் கெட்டுப்போகாமல் நிறுத்திவிடுகிற ரிலே அது. "இத எடுத்துட்டு நேரா ஒரு வயரப் போட்டுருதேன். அப்புறம் எப்படி நிக்குன்னு பாப்போம்."

"அப்புறம் மோட்டாரு எரியும். அதுவும் நிக்காம எரியும். அது இருக்க எடத்துலயே இருக்கட்டும்."

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றால், துறைமுகத்து எலக்ட்ரீஷியன்கள் அத்தனை பேரும் இன்றைக்குப் படகுகளுக்குள் தலையை விட்டுக் கிடந்தார்கள். நாளைக்கு வருகிறேன் என்றான் ஒருவன். நாளைக்கு வந்து என்ன செய்ய, துக்கம் விசாரிக்கவா?

*

மாடி அறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர் அடித்தது. வீட்டில் ஏசி இருந்த ஒரே அறை. ஆனி மாதத்துத் தூத்துக்குடியில், முழுக்கைச் சட்டைக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான்.

"ஏளா, கதவச் சாத்து. சூடு உள்ள வருது."

சாத்தினாள். எதிரே அறிவுச்சுடர், கணக்குப் போடும் நாலு பெரிய மின்னணு அட்டைகளையும் திறந்து போட்டபடி, தேன்கூடு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அது கரண்ட்டைத் தின்று சூட்டைக் கக்கியது. அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி வேறு கரண்ட்டைத் தின்றது. ஏசியின் வெளிப்பெட்டி அந்தச் சூட்டைக் கீழே ஐஸ் தொட்டி இருந்த கூரைமேல் ஊதியது. ஆக, வீட்டுக்குள்ளேயே எல்லாம் நடந்தது.

"ஏங்க, இத நாளைக்குக் காலம்பற வரைக்கும் நிப்பாட்டி வைக்க முடியுமா?"

"எத?"

"இந்த மாடிப்பொட்டியத்தான்."

"அறிவுச்சுடர்" என்று மாரிராஜ் திருத்தினான். "நாசரேத்துல இருந்து தனராஜ் சார் வாராரு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கேள்வியெல்லாம் தயார் பண்ணி வச்சிருக்காரு. அவருகிட்ட போயி, ஐஸ் உறையல சார், அதனால அறிவுக்கு இன்னைக்கு லீவுன்னு சொல்லச் சொல்லுதியா?"

"என் போன்லயும் கேட்டா சொல்லுதுல்லா. அத வச்சே நடத்துனா என்ன?"

மாரிராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். வகுப்பறையில் எழுகிற மாதிரி.

"உன் போன்ல கேக்கது எங்க போவுதுன்னு தெரியுமா? எங்கனயோ ஒரு ஊர்ல மைதானம் அகலத்துக்கு ஒரு கட்டடம். ராப்பகலா கரண்டக் குடிக்குது. அதக் குளுப்பாட்ட ஆத்துத் தண்ணிய உறிஞ்சுதான். அந்த ஊர்க்காரனுக்குக் கொடத்துல தண்ணி இல்ல. அங்கன எரியுறது உன் கண்ணுல படல. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. மாரிராஜ் முட்டாள் இல்லை. அதுதான் சிக்கலே. முட்டாளாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

"சரி. அந்தக் கட்டடத்துல எத்தன பேரு கேக்காங்க?"

"கோடிக்கணக்குல."

"இங்க?"

"நான்தான்."

செல்வி ஜன்னல் வழியே துறைமுகத்துப் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "போட்டுக்காரங்க எல்லாரும் நம்மகிட்டதான் ஐஸ் வாங்குதாங்க. அவங்களும் ஆளுக்கு ஒரு கம்ப்ரசர போட்டுல ஏத்தி, ஆளுக்கு ஒரு தொட்டியக் கட்டி, சொந்தமா ஐஸ் போட்டுக்கிட்டா என்னவாம்?"

"கோட்டியா பிடிச்சிருக்கு? ஒரு போட்டுக்கு ஐஸ் போட அம்புட்டு கரண்டா? ஊருக்குப் பொதுவா ஒரு எடத்துல போட்டாத்தான..." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். கோட்டை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டான். "அது வேற. இது வேற."

தமிழ்நாட்டில் 'அது வேற, இது வேற' என்பதைவிட உறுதியான கட்டடம் எவனும் கட்டியதில்லை. எந்தப் புயலிலும் அசையாது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

"சரி, ஐஸ் ஏன் உறையலன்னு இதுகிட்டயே கேப்போம். வா, வந்து பாரு."

தட்டினான். எந்திரம் யோசிக்கத் தொடங்கியது. காற்றாடிகள் அலறின. தலைக்கு மேல் விளக்கு ஒரு கணம் மங்கியது. செல்வியின் பாதத்துக்கு அடியில், பதினைந்து வருடம் பழகிய அந்த நடுக்கம், யாரோ கையை வைத்துப் பொத்தியது மாதிரி அடங்கிப்போனது.

கேள்வி கேட்டதும் கம்ப்ரசர் நின்றுவிட்டது.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. மாடி முழுவதும் ஒரே கம்பியில் ஓடுகிறது. இது யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கம்பி தணிகிறது. கீழே ரிலே மோட்டாரை நிறுத்துகிறது. ராத்திரி எல்லாம் இவர் முழித்திருந்து இதோடு பேசிக்கொண்டிருந்தார்.

மாரிராஜ் கவனிக்கவில்லை. திரையில் ஒவ்வொரு சொல்லாக ஊர்ந்து வந்தது. 'ஐஸ் உறையாமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். முதலாவதாக, தங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவு சரியாக மூடப்பட்டுள்ளதா என்று பார்க்கவும்.'

"பாத்தியா? நம்ம தமிழ்ல சொல்லுது! நம்ம வீட்டுக்குள்ள இருந்தே சொல்லுது!"

தாடையில் சவரக் கத்தி பட்ட இடத்தில் ஒரு துணுக்குக் காகிதம் ஒட்டியிருந்தது. கண் மின்னியது. இந்த ஆள் சுவரைப் பார்த்துக் கிடந்த மாதங்களில், சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்தவள் அவள். உன் எந்திரம்தான் காரணம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

படியில் இறங்கும்போது மனசு கேட்காமல் தன் போனில் அதே கேள்வியைக் கேட்டாள். மூன்றாவது படி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரு கம்பியில் மட்டும் சுமை ஏறினால் இப்படி ஆகும். வீட்டில் புதிதாகப் பெரிய மின்சாதனம் ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டது. போன் சூடுகூட ஆகவில்லை. எந்த ஊர்க் குடத்திலோ ஒரு சொட்டுக் குறைந்திருக்கும். செல்வி அந்த ஊர்க்காரர்களிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கேள்வியையும் பதிலையும் அழித்தாள்.

*

கீழே வெள்ளத்துரை கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் லைன்மேன் வளன். வளன் கையில், கம்பியைக் கவ்விப் பிடித்துக் கரண்ட்டை அளக்கிற டாங் டெஸ்டர்.

"நாளைக்குப் போட்டு கெளம்புது, இன்னைக்குப் பாத்து லைன்ல கரண்ட ஏத்தி எறக்குதிய. எங்கள என்னன்னு நெனச்சிய?" என்று வெள்ளத்துரை ஏற்கெனவே சண்டையில் பாதி தூரம் வந்திருந்தார்.

"அண்ணாச்சி, லைன் சுத்தமா இருக்கு. உங்க வீட்டுக்குப் போற ஒரு வயருதான் இழு இழுன்னு இழுக்கு. இந்தா பாருங்க, ரெண்டு மூணு ஹீட்டரச் சேத்துப் போட்ட மாரி. மேல என்ன ஓடுது?"

வெள்ளத்துரை மருமகளைப் பார்த்தார். "மேல என்ன ஓடுது?"

டியூப்லைட்டு என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு பொய்யைக் காப்பாற்ற அதைவிடக் கனமான பொய் வேண்டும்.

"கிரைண்டரு மாமா. வடைக்கு."

"விடிஞ்சதுல இருந்தா?"

"நாட்டுக்கே அர்ப்பணிக்காங்கல்லா மாமா. மாவு நெறைய வேணும்."

வளன் டெஸ்டரைப் பார்த்தான். செல்வியின் முகத்தைப் பார்த்தான். மாடி ஜன்னலில் சொட்டுகிற ஏசித் தண்ணீரையும் பார்த்தான். "பெரிய கிரைண்டருதான் போலுக்கு" என்று டெஸ்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "அது ஓடாம இருந்தா கம்ப்ரசர் நிக்காது அண்ணாச்சி. விசயம் அம்புட்டுத்தான்."

"கேட்டியாளா? கிரைண்டர நிப்பாட்டு."

"சரி மாமா."

வெள்ளத்துரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் இங்கனதான் இருக்கப் போறேன். கம்ப்ரசர் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருப்பேன். இன்னொருக்க நின்னுச்சோ, முப்பிடாதிக்குப் போனப் போட்டுருவேன்."

மேலே புருஷன், கேள்வி கேட்கத் துடிக்கிறான். கீழே மாமனார், அமைதிக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். நடுவில் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் செல்வி நின்றாள். ஏறினால் ஒருத்தரை உடைக்க வேண்டும். இறங்கினால் அவளே உடைய வேண்டும்.

ஏறினாள்.

"ஏங்க, வரவேற்புரை எழுதியாச்சா?"

"அறிவுச்சுடர் எழுதிரும்."

"மெஷின் எழுதுனதுன்னு தனராஜ் சார் கண்டுபிடிச்சிர மாட்டாரா? தலைமையாசிரியருல்லா."

மாரிராஜின் முகம் வெளுத்தது. உடனே பேப்பரும் பேனாவும் கேட்டான். படித்த மனிதன் ஒருவனை எந்த மின்சாரச் செலவும் இல்லாமல் நாள் முழுக்க முடக்கிப் போட வேண்டுமென்றால், மேடைப்பேச்சு எழுதச் சொன்னால் போதும். எழுதினான், அடித்தான், கிழித்தான், மறுபடியும் எழுதினான். மதியச் சாப்பாட்டைக்கூட, கீழே அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 'பெருமதிப்பிற்குரிய' என்ற சொல்லுக்கு அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டேதான் சாப்பிட்டான். எந்திரம் சும்மா இருந்தது. சும்மா இருக்கும்போதும் தின்றது. ஆனால் கம்ப்ரசர் தாங்குகிற அளவுக்கு.

கீழே சத்தம் நிற்கவில்லை.

அப்போதுதான் செல்விக்கு அந்தப் பெரிய உண்மை புலப்பட்டது. மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கும் வரை எந்திரத்தை யாரும் எதுவும் கேட்பதில்லை.

*

ஐந்து மணிக்கு நாட்டின் சார்பில் இருபது பேர் மாடி ஹாலுக்கு வந்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரை, தலைமையுரை, அப்புறம் நேரடியாகக் கேள்வி. செல்வி பேனாவை எடுத்து நடுவே இரண்டு வாழ்த்துரைகள், ஒரு சிறப்புரை, ஓர் ஏற்புரை சேர்த்தாள். மைக்குக்கு ஆகிற கரண்ட்டை வளனின் டெஸ்டர்கூடக் கண்டுபிடிக்காது.

தலைமையுரைக்குத் தனராஜ் எழுந்தார். தூத்துக்குடியில் எந்தக் கூட்டத்தையும் முத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். பேசுகிறவர் கடலில் கால் நனைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"முத்துக் குளித்த கடலின் மைந்தர்களே! அன்று நம் முன்னோர் மூச்சடக்கி மூழ்கினார்கள். முத்தை எடுத்தார்கள். இன்று நம் மாரிராஜ் மூழ்கியிருக்கிறார். அறிவை எடுத்திருக்கிறார். அறிவு என்பது இறக்குமதிச் சரக்கு அன்று, நண்பர்களே! அது நம் கொல்லையில் முளைக்கும் கீரை!"

கைதட்டினார்கள். கீரை இருபது நிமிடம் வளர்ந்தது. "இனி, என் முதல் கேள்வியை..." என்று அவர் எந்திரத்தின் பக்கம் திரும்பினார். செல்வி பொன்னாடையோடு பாய்ந்தாள். போர்த்தியதும் அவர் நன்றி சொல்ல வேண்டியதாயிற்று. நன்றியில் இன்னொரு கால்மணி போனது.

சால்வைகள் தீர்ந்ததும் பீரோவில் இருந்த புதுத் துண்டுகள் வந்தன. யார் யாருக்கோ கௌரவம் செய்யப்பட்டது. டீ ஊற்ற வந்த பையனுக்கும் ஒன்று.

ஐஸ் ஏற்ற வந்து கீழே நின்ற ஜேசுபாதத்தைச் செல்வி மாடிக்குக் கூட்டி வந்தாள்.

"தங்கச்சி, நான் ஐஸுக்குல்லா வந்தேன். எனக்கு என்னத்தப் பேசத் தெரியும்?"

"ரெண்டு வார்த்த சொல்லுங்கண்ணே. நீங்க பேசப் பேச ஐஸ் ரெடியாயிரும்."

அவள் சொன்னதில் அன்று முழுவதும் கலப்படமில்லாத உண்மை அது ஒன்றுதான். ஜேசுபாதம் மைக்கைப் பிடித்தார். டீசல் விலையில் தொடங்கி, வலை, காற்று, மகளின் கல்யாணம் என்று கடலையே சுற்றிவிட்டு வந்தார். இத்தனை நாளாக ஒருவரும் தன்னைப் பேசச் சொல்லவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் தணிந்தது. சுடலைக்கண்ணு படிக்கட்டில் தலையை நீட்டினான்.

"யக்கா, மொத போட்டுக்கு பார் எல்லாம் கெட்டி. ஏத்திக்கிட்டு இருக்கோம். ரெண்டாவது போட்டு வரிசைதான் இன்னும் கொஞ்சம் வேணும்."

"எம்புட்டு?"

"இன்னும் ஒரு ஆளு பேசுனா போதும்."

செல்வி ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் பேசியாயிற்று. மாரிராஜ் எந்திரத்தின் முன் போய் உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தான். பேசாத ஆள் ஒருவர்தான் மிச்சம். கீழே உட்கார்ந்தால் பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று மெதுவாக மாடியேறி வந்து, கடைசி நாற்காலியில் கம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நீங்க ரெண்டு வார்த்த."

"நானா? ஏளா, சும்ம கெட."

அவள் விடவில்லை. தன் கையாலேயே மைக்கைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தாள்.

வெள்ளத்துரை மைக்கைக் கம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் படிப்பு கெடையாது. எம் மவன் ஒரு வருசமாச் சுவரப் பாத்துக் கெடந்தான். நான் அவன்கிட்டப் பேசல. பேசத் தெரியல. இன்னைக்கு நாசரேத்துல இருந்து ஆளு வந்து அவனுக்குப் பொன்னாட போத்துதாங்க." மைக்கை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "காலையில கம்ப்ரசர் நின்னு நின்னு ஓடுச்சு. மத்தியானத்துல இருந்து நிக்கவே இல்ல. நான் காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். ஐஸ் ஏன் உறையலன்னு மெஷின்கிட்டக் கேட்டேன்னு சாப்புடும்போது சொன்னான். அது வழி சொல்லியிருக்கு. இவன் சரி பண்ணியிருக்கான்."

மாரிராஜ் நிமிர்ந்தான். "அப்பா, அது வந்து..."

"இருல, பேசி முடிச்சிருதேன். முப்பிடாதிக்கும் குத்தகை இல்ல, எவனுக்கும் இல்ல. கம்பெனிச் சாவி இன்னைல இருந்து எம் மவன்கிட்ட."

ஹால் அதிரக் கைதட்டினார்கள். தனராஜ் எழுந்து நின்று தட்டினார்.

வெள்ளத்துரை கையமர்த்தினார். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே இளகிவிட்டது. "மருமவ பாவம். ஆம்பள செய்யுத வேலைய இம்புட்டு நாளாத் தலைல போட்டுக்கிட்டு அல்லாடிட்டா. இனி அந்தப் பிள்ள மேல உக்காந்து நிம்மதியா இருக்கட்டும்."

எல்லாரும் செல்வியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்பான சிரிப்பு. வசை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். இதற்கு என்ன செய்ய? இப்போது வாயைத் திறந்தால் டியூப்லைட்டு வெளியே வரும், கிரைண்டர் வெளியே வரும், புருஷனைப் பேச்சு எழுத வைத்தது வரும். அதற்குப் பிறகு மாரிராஜின் முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும்.

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மாரிராஜ் கையில் வைத்துவிட்டு, செல்வியும் கைதட்டினாள்.

அதற்குள் வடை வந்துவிட்டதால், கேள்வி கேட்கும் நிகழ்ச்சி தவறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

*

கீழே ஜேசுபாதம் ஓர் ஐஸ் பாரைத் தட்டிப் பார்த்தார். "கல்லு மாரி இருக்கு தங்கச்சி. மொத போட்டு நெறஞ்சிட்டு. ரெண்டாவதுக்கு எப்ப ஏத்த?"

"அவங்கள கேளுங்கண்ணே" என்றாள் செல்வி. கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது. சாவி இருந்த இடம் லேசாக இருந்தது.

மாரிராஜ் தோளில் துண்டுகளும் கையில் சாவிக்கொத்துமாக இறங்கி வந்தான். சாவியை, துள்ளுகிற மீனைப் பிடித்திருப்பவன் போலப் பிடித்திருந்தான்.

"செல்வி, அப்பா இப்படிச் சொல்லுவாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

"நீ ஒரு வார்த்த வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா."

"என்னன்னு சொல்ல?"

அவன் அவளையே பார்த்தான். அவனுக்கு என்னவோ புரியத் தொடங்குகிற மாதிரி இருந்தது. அதற்குள் கம்ப்ரசர் அறையிலிருந்து சுடலைக்கண்ணு கத்தினான்.

"யக்கா! பிரசர் கொஞ்சம் ஏறி நிக்கு! வால்வ எம்புட்டுத் தொறக்க?"

செல்விக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. வெள்ளத்துரை படிக்கட்டிலிருந்தே கம்பை ஓங்கினார். "ஏலே, அவள ஏன் கேக்க? சாவி யாரு கையில இருக்கோ அவங்கிட்டக் கேளுலே!"

சுடலைக்கண்ணு மாரிராஜைப் பார்த்தான். மாரிராஜ், பல வருடங்கள் மெக்கானிக்கல் பாடம் நடத்தியவன், வால்வைப் பார்த்தான்.

"ஒரு நிமிசம் பொறு" என்றான். "மேல போயி அறிவுச்சுடர்கிட்டக் கேட்டுட்டு வந்துருதேன்."

இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

"ஏங்க..."

"விடு தாயி" என்றார் வெள்ளத்துரை. "அவன் பாத்துக்கிடுவான்."

இரண்டாவது படகின் ஐஸ் இன்னும் உறையவில்லை.